பைக் மீனும் பழைய நூலும்

இங்கிலாந்துக்குச் சென்று திரும்பும் நம்மவர்கள், பெரும்பாலும் லண்டன் மாநகரின் மணிக்கூட்டுக் கோபுரத்தையும், அரண்மனை வாயிலிற் சிலைபோல நிற்கும் காவலரையும், தேம்ஸ் நதியின் பாலங்களையும் பற்றியே எழுதுவது வழக்கம். அவற்றை நாமும் பார்த்தோம். அவற்றின் முன்னின்று படமும் பிடித்துக்கொண்டோம். ஆயினும், ஊர் திரும்பிப் பல மாதங்கள் சென்ற பின்னரும் நம் மனத்தை விட்டகலாது நிற்பவை அவையல்ல. நோர்போக் என்னும் மாவட்டத்திலே, நாணல் சூழ்ந்த ஒரு நதிக்கரையில், குளிரால் விறைத்த கைகளுடன் நாம் நின்ற மூன்று நாட்களே இன்றும் நினைவில் நிற்கின்றன. அவற்றை இங்கே சொல்லப் புகுந்தமைக்குக் காரணம், அந்நாட்களில் நாம் கற்ற ஒரு பாடம். பிறருக்குப் பாடஞ் சொல்லுதலையே தொழிலாகக் கொண்ட நாம், அப்பாடத்தை ஒரு மீனிடமும் ஒரு சிறுவனிடமும் கற்றோம்.

2024ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், லண்டனில் வாழும் நம் தம்பியின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். தம்பியின் மகன், அதாவது நம் பெறாமகன், பதின்மூன்று வயதுச் சிறுவன். அவனுக்கு மீன்பிடித்தலிற் பெருவிருப்பு. "பெரியப்பா, இம்முறை நோர்போக்கிற்கு பைக் பிடிக்கப் போகிறோம். நீங்களும் வாருங்கள்" என்று அவன் அழைத்தான். அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியிற் பேசியபொழுது இச்செய்தியை நம் இல்லாளுக்குச் சொன்னோம். மறுமுனையிற் சற்று நேரம் மௌனம். பின்னர், "இந்த வயதில் மோட்டார் சைக்கிள் ஓட உங்களுக்கு என்ன வந்தது?" என்ற கேள்வி பிறந்தது. பைக் என்பது அந்நாட்டு நன்னீர் மீன் ஒன்றின் பெயர் என்று விளக்கிச் சமாதானஞ் செய்வதற்குள் தொலைபேசி அட்டையிற் பாதி தீர்ந்துவிட்டது.

வாசகர்களுக்கும் அவ்விளக்கம் வேண்டியிருக்கும். பைக் என்பது பழங்காலப் படைவீரர் ஏந்திய நீண்ட ஈட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். நீண்டு கூர்த்த முகமும் அம்புபோன்ற உடலும் வாய்ந்தமையால் இம்மீனுக்கும் அப்பெயர் வந்தது. விலங்கியலார் இதனை ஈசொக்ஸ் லூசியஸ் என்பர். பச்சையும் பழுப்புங் கலந்த உடலில் வெளிர்மஞ்சட் புள்ளிகள் சிதறிக் கிடக்கும்; நாணலிடையே நின்றால் நாணலாகவே தோன்றும். முதுகுச் செட்டை வாலுக்கு அண்மையில் அமைந்திருப்பதால், நின்ற நிலையிலிருந்து ஒரே பாய்ச்சலில் இரைமேல் விழும் ஆற்றல் இதற்குண்டு. வாயினுள்ளே நூற்றுக்கணக்கான பற்கள். கீழ்த்தாடையில் உள்ளவை ஊசிபோல நிமிர்ந்து நிற்க, மேலண்ணத்தில் உள்ளவை தொண்டையை நோக்கிச் சாய்ந்திருக்கும். உள்ளே போனது வெளியே வருதல் அரிது. சிறுமீன், தவளை, தாராக்குஞ்சு, ஏன், தன்னினத்துச் சிறிய மீனையுங்கூட இது விழுங்கும். நம் நாட்டுக் குளங்களில் விராலுக்கு எந்த இடமோ, அந்நாட்டு நீர்நிலைகளில் பைக்குக்கு அந்த இடம் என்று கொள்ளலாம். பெண்மீனே பெரிதாக வளரும். ஆண்மீன் பத்து இறாத்தலைத் தாண்டுவது அரிது.

எவ்வளவு பெரிதாக வளரும் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். 2024ஆம் ஆண்டு மாசி மாதம் சொமர்செட் மாவட்டத்திலுள்ள சூ வலி என்னும் நீர்த்தேக்கத்தில் லொயிட் வொட்சன் என்பவர் பிடித்த 47 இறாத்தல் 5 அவுன்ஸ் எடையுள்ள மீன், பிரித்தானியாவிலேயே பெரியதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1986ஆம் ஆண்டு ஜெர்மனியில் கிறெபேர்ன் ஏரியில் பிடிபட்டது 55 இறாத்தல் 1 அவுன்ஸ். எட்டு வயதுப் பிள்ளை ஒன்றின் எடை அது.

மனிதர் தோண்டிய ஏரிகள்

லண்டனிலிருந்து நொரிச் நகருக்குப் புகையிரதத்தில் ஏறத்தாழ இரண்டு மணிநேரப் பிரயாணம். அதற்கப்பால் நிலம் தட்டையாகிவிடுகிறது. மலை இல்லை, மேடு இல்லை, வானமே பெரும்பகுதி. அவ்வானத்தின் கீழ் யாரே, பியூர், அன்ற், தேர்ன், வேவ்னி என்னும் நதிகள் மெல்ல ஊர்ந்து செல்கின்றன. அவற்றை அடுத்துப் புரோட்ஸ் எனப்படும் ஆழமற்ற ஏரிகள் பல. இங்கே மதகுத் தடையின்றிப் படகு செல்லக்கூடிய நீர்வழி மாத்திரம் 125 மைல் நீளம் என்பர். கரையெங்கும் நாணல், அந்நாணலை அறுத்து வீட்டுக்கூரை வேய்வது இன்றும் ஒரு தொழில். நம்மூர்க் கிடுகு வேய்ந்த வீடுகளை நினைத்துக்கொண்டோம்.

இவ்வேரிகளைப் பற்றிய ஓர் உண்மை நம்மை வியக்கச் செய்தது. நெடுங்காலமாக இவற்றை இயற்கையின் படைப்பென்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். 1950களில் ஜோய்ஸ் லம்பேர்ட் என்னும் தாவரவியல் அறிஞை, ஏரிகளின் அடித்தளத்தைத் துளையிட்டு ஆராய்ந்து, அவற்றின் பக்கங்கள் வெட்டிய குழிபோலச் செங்குத்தாக இருப்பதைக் கண்டார். மத்திய காலத்து மக்கள் விறகுக்குப் பதிலாக எரிப்பதற்கு முற்றா நிலக்கரியைத் தோண்டியெடுத்த பள்ளங்களே இவை. பின்னர் நீர்மட்டம் உயர, பள்ளங்கள் ஏரிகளாயின என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. குளிர்காய்வதற்காக மனிதர் தோண்டிய குழி, நூற்றாண்டுகளின் பின் மீனுக்கும் பறவைக்கும் வீடாயிற்று. நம் வன்னிக் குளங்களும் மனிதர் கையால் ஆனவையே. அவற்றிலும் விரால் தானே வந்து குடியேறியதன்றோ?

தேர்ன் நதியின் மேற்புறத்தில், ஹிக்லிங், ஹோர்சி என்னும் ஏரிகளைச் சார்ந்த பகுதி, பைக் மீனுக்குப் பேர்பெற்றது. ஹோர்சி ஏரியில் 1967ஆம் ஆண்டு பீற்றர் ஹன்கொக் என்பவர் 40 இறாத்தல் 1 அவுன்ஸ் எடையுள்ள மீனைப் பிடித்தார். பின்னர் 1969இல், கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி பெருகி நீரில் நஞ்சைக் கலக்க, அப்பகுதி மீன்கள் கூட்டங்கூட்டமாக இறந்து மிதந்தன. மீண்டும் மீன்வளம் பெருகப் பல ஆண்டுகள் சென்றன. பொட்டர் ஹைகம் என்னும் சிற்றூரில், மத்திய காலத்துக் கற்பாலம் ஒன்றின் அருகே நாங்கள் தங்கினோம். குளிர்காலத்தில் றோச் முதலிய சிறுமீன்கள் படகுத்துறைகளின் ஒதுக்கிடங்களில் வந்து அடையும். அவற்றைத் தொடர்ந்து பைக்கும் வரும். ஆதலால் அவ்விடம் தகுந்ததெனத் தம்பி தேர்ந்தெடுத்திருந்தான்.

கடையில் நடந்தது

முதலில் உபகரணம் வாங்க ஒரு கடைக்குச் சென்றோம். சிறிய கடைதான், ஆனால் கூரையிலிருந்து தரை வரை தூண்டிற் சாமான்கள். பெரிய பைக் மீனை நாடி வந்திருக்கிறோம் என்றதும், கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

முதலிலே தடி. பன்னிரண்டு அடி நீளம். அதன் வலிமையை மூன்று இறாத்தல் என்று குறித்திருந்தார்கள். தடியின் அடியைக் கிடையாகப் பிடித்து, நுனியில் நிறையைத் தொங்கவிட, நுனி வளைந்து அடிக்குச் செங்கோணமாக நிற்பதற்கு எவ்வளவு நிறை வேண்டுமோ, அதுவே அக்குறிப்பு. அடுத்தது நூல். தடியின் அளவை ஐந்தாற் பெருக்கினால் அதற்கேற்ற நூலின் வலிமை வரும் என்பது அவர்களுடைய பழைய கணக்கு. மூவைந்து பதினைந்து, ஆகவே பதினைந்து இறாத்தல் தாங்கும் தங்கூசி. அதற்குக் குறைந்தது பெரிய பைக்குக்கு ஆகாது என்றார். இழைகளைப் பின்னிச் செய்த நூலாயின் ஐம்பது இறாத்தல் வேண்டும். அது மெல்லியதாயினும் நீளாது, கல்லிலும் கிளையிலும் உராய்ந்தால் எளிதில் அறுந்துபோம்.

மூன்றாவது கம்பி. பைக்கின் பல்லுக்கு எந்த நூலும் நில்லாது. ஆதலால் தூண்டிலுக்கும் நூலுக்குமிடையே இருபது அங்குலத்துக்குக் குறையாத முறுக்குக் கம்பி, இருபத்தெட்டு இறாத்தலேனும் தாங்குவது, இருத்தல் வேண்டும். நம் கரையோரத்துத் தொழிலாளர், சீலாவும் அறக்குளாவும் நூலைக் கடித்தறுக்கும் என்று தூண்டிலுக்கு மேலே கம்பி கட்டுவதை நாம் அறிவோம். இங்கும் அதே நியாயம். கம்பியின் முனையில் மும்முனைத் தூண்டில்கள் இரண்டு. அவற்றின் எதிர்முள்ளிற் பெரும்பாலானவை நசுக்கப்பட்டிருந்தன. கழற்றுவது எளிதாகும் பொருட்டு. இவற்றோடு அகன்ற வாயுடைய அத்தாங்கு ஒன்று, மீனைக் கிடத்துவதற்கு மெத்தை விரிப்பு ஒன்று, ஒரு அடி நீளமுள்ள இடுக்கி, கம்பியை வெட்டும் குறடு.

எல்லாவற்றையும் கூட்டினால் நூற்றுக்கணக்கான பவுண் ஆயிற்று. நாம் அதனை மனத்துள்ளே நம் ரூபாயாக மாற்றிப் பார்த்தோம். தலை சுற்றியது. தம்பியிடம் ஒரு பழைய தடியும் ரீலும் இருந்தன. சிறுமீன் பிடிப்பதற்கு வாங்கியவை. ரீலிலே எட்டு இறாத்தல் நூல் சுற்றிக் கிடந்தது.

"இது நல்லாய்த்தானே இருக்கிறது. கம்பியை மட்டும் வாங்கினாற் போதும். பிடிக்கிற மீனைத் தின்னப் போவதுமில்லை. அதற்கேன் இவ்வளவு செலவு?" என்றோம்.

பெறாமகன் மெல்ல, "பெரியப்பா, பதினைந்து இறாத்தல் நூல் கட்டாயம் வேண்டுமென்று புத்தகத்திலும் இருக்கிறது" என்றான்.

"வன்னிக் குளத்தில் விரால் பிடித்து வீட்டுக்குக் கறி கொடுத்தவர்கள் நாங்கள். பெரியவர்கள் பேசும்போது சின்னப்பிள்ளைகள் குறுக்கே பேசக்கூடாது" என்று அவனை அடக்கினோம்.

அது உண்மைதான். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் வன்னியில் இருந்த காலத்தில், நாமும் தம்பியும் காட்டுத் தடியும், ஒரு பாகம் தங்கூசியும், மண்புழுவுங் கொண்டு குளக்கட்டில் இருந்திருக்கிறோம். மீன் கிடைத்தால் அன்று கறி. இல்லையேல் வெறும் சோறு. நூல் அறுந்தால் நாம் நொந்தது கறிக்காகவே. மீனுக்காக ஒருநாளும் அல்ல. அப்பழக்கத்தைக் கொண்டு இன்றைய காரியத்தை அளந்தோம். தம்பிக்கு நாம் சொன்னது பிழையென்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணன் சொல்லைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. கம்பியை மாத்திரம் வாங்கிக்கொண்டு வெளியேறினோம்.

நூல் அறுந்த மாலை

மறுநாட் காலை எட்டு மணிக்கே விடிந்தது. நாணலின் நுனிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அவ்வூர்ச் சட்டப்படி, பதின்மூன்று வயதோ அதற்கு மேலோ ஆன எவரும் தூண்டில் போட அனுமதிப்பத்திரம் வைத்திருத்தல் வேண்டும், மூவரும் பெற்றிருந்தோம். பங்குனி 15 முதல் ஆனி 15 வரை நதிகளில் பைக் முதலிய மீன்களைப் பிடித்தல் அறவே தடை. அது முட்டையிடுங் காலம். கோடையின் வெப்பநீரில் பிடிபடும் பைக் களைத்து இறந்துவிடும் ஆதலால், அனுபவமுள்ளோர் குளிர்காலத்திலேயே அதனை நாடுவர்.

இறந்த மீனே இரை. கானாங்கெளுத்தியை இரண்டாக வெட்டி, வாற்பாதியைத் தூண்டில்களிற் குத்தி, மிதப்புக் கட்டி, நாணலோரமாக எறிந்தோம். பின்னர் காத்திருத்தல். ஒரு நாரை வந்தது, போயிற்று. மணித்தியாலங்கள் கடந்தன. அந்நாட்டில் மார்கழியிற் பிற்பகல் மூன்றரை மணிக்கே பொழுது மங்கிவிடும். எழுந்து போவோமென நாம் சொல்ல வாயெடுத்த வேளையில், மிதப்பு ஒருமுறை தலையசைத்தது. பின்னர் சரிந்து, நிதானமாக நகர்ந்து, நீருள் மறைந்தது.

தடி பெறாமகனின் கையில். அவன் நூலை இறுக்கித் தூக்கினான். தடி வட்டமாக வளைந்தது. நீரின் மேற்பரப்பு பிளந்து, ஒரு பெரிய பச்சை முதுகு புரண்டது. அதன் நீளம் நம் இடுப்பளவுக்கு மேலிருக்கும். "விடாதே, பிடி!" என்று நாம் கத்தினோம். மீன் நாணலை நோக்கி ஓடியது. அதனைத் திருப்ப வேண்டும். திருப்புவதற்கு அந்தத் தடியிலும் வலிமையில்லை, நூலிலும் வலிமையில்லை. சுள்ளென்று ஓர் ஒலி. தடி நிமிர்ந்துவிட்டது. நூலின் அறுந்த நுனி காற்றில் ஆடியது.

பையன் அழுதான். "போனாற் போகிறது, நாளைக்கு வேறொன்று பிடிக்கலாம்" என்று தேற்றினோம். அவன் நம்மை நிமிர்ந்து பார்த்து, "அதற்கில்லை, பெரியப்பா. தூண்டில் இரண்டும் அதன் வாய்க்குள் இருக்கிறது" என்றான்.

சற்றுத் தொலைவில் தூண்டில் போட்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒன்றுஞ் சொல்லாமல் நம் ரீலின் நூலை விரல்களுக்கிடையே ஓடவிட்டார். பிறகு ஒரு முழத்தை இரு கைகளிலும் சுற்றி இழுத்தார். அது பஞ்சுபோல அறுந்தது. "வெயிலில் பல கோடை கிடந்த நூல்" என்றார். "எட்டு என்று எழுதியிருந்தாலும் எட்டும் இல்லை. முடிச்சுப் போட்ட இடத்தில் இன்னும் குறையும்."

"மீன் செத்துவிடுமா?" என்று பையன் கேட்டான்.

அவர் பொய் சொல்லவில்லை. "சிலவேளை உதறிவிடும். சிலவேளை தாடையைப் பூட்டிக்கொண்டு பட்டினியாற் சாகும். மீனை இழந்தது உனக்கு நட்டமில்லை. உன் நூலுக்கான விலையை அது கொடுக்கிறது. வலுவான சாமான் மீனைப் பிடிப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். மீனைத் திரும்ப விடுவதற்குத்தான் அது வேண்டும்" என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிப்பவர் நாம். இழுவை, தகைப்பு, விகாரம் என்று கரும்பலகையில் எழுதி, தொடுத்த பல இழைகளில் வலிமை குன்றியதே முதலில் அறும் என்று எத்தனை ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லிவருகிறோம்! இருபத்தெட்டு இறாத்தற் கம்பியை எட்டு இறாத்தல் நூலிற் கட்டியபொழுது, அறுவது நூலென்பதும், கம்பியும் தூண்டிலும் மீனோடு போகும் என்பதும் நமக்குத் தெரியாததன்று. செலவுக் கணக்கு, பௌதிகக் கணக்கை மறைத்துவிட்டது. அதனினும் மேலாக, சரியானதைச் சொன்ன பிள்ளையைப் பெரியவன் என்ற ஒரே உரிமையால் வாயடைத்தோமே!

காலையில், அடுக்களை மேசையில் அவனெதிரே அமர்ந்து, "தம்பி, கடையில் நீ சொன்னதே சரி. பெரியப்பா பிழை விட்டுவிட்டேன்" என்றோம். நம் பெற்றோரோ பேரரோ இவ்வாறு ஒரு பிள்ளையிடம் சொல்லக் கேட்டதில்லை. நாமும் அன்றுவரை சொன்னதில்லை. அவன் பதில் சொல்லவில்லை, பாணைத் தின்றுகொண்டிருந்தான். ஆனால் தம்பி தன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நம்மைப் பார்த்த பார்வை நமக்குப் புதிது.

அன்று பகல் ஹோர்சிக் கடற்கரைக்குச் சென்றோம். மார்கழியில் அங்கே சாம்பனிறக் கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் மணலில் ஏறிக் குட்டியீனுகின்றன. வெள்ளை மயிர்க் குட்டிகள் தாயின் அருகே உருண்டு கிடந்தன. மக்கள் அவற்றை அணுகாதபடி கயிறு கட்டித் தொண்டர்கள் காவல் நின்றனர். திரும்பும் வழியில் அதே கடையில் நுழைந்து, முன்பு மறுத்தவற்றையெல்லாம் நம் செலவிலேயே வாங்கினோம். கடைக்காரர் ஒன்றுங் கேளாமல், பதினைந்து இறாத்தல் நூலை நம் எதிரிலேயே ரீலிற் சுற்றித் தந்தார். "நான் இனித் தூண்டில் போடமாட்டேன். அத்தாங்கு மட்டும் பிடிக்கிறேன்" என்றான் பையன். சரியென்றோம்.

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் முதியவர் நம் அருகிலேயே இருந்தார். பேச்சு பல திசைகளிலும் சென்றது. தம் இளமையில் பைக்கை இரும்புக் கொக்கியாற் குத்திக் கரையேற்றினார்கள் என்றும், வாயைத் திறந்து வைக்க ஒரு விற்கருவியைச் செருகினார்கள் என்றும், இரையை நன்றாக விழுங்கட்டுமென்று நிமிடக்கணக்காகக் காத்திருந்தார்கள் என்றும் சொன்னார். விழுங்கிய தூண்டில் குடலில் தைக்கும். அம்மீன் பிழைப்பது அரிது. இன்றோ மிதப்பு அசைந்த உடனேயே தூக்குகிறார்கள். தூண்டில் வாயோரத்தில் நிற்கும். சட்டமும் மாறிவிட்டது. நதியிலிருந்து ஒருவர் ஒருநாளைக்கு ஒரு பைக் மாத்திரம், அதுவும் 65 சென்ரிமீற்றருக்கு மேற்படாதது, எடுத்துச் செல்லலாம். பெரிய மீன் எதுவாயினும் திரும்ப விடப்படல் வேண்டும்.

"தின்னாத மீனை ஏன் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டோம். வன்னிக் குளக்கட்டிலிருந்து வந்தவருக்கு அக்கேள்வி எழாமல் இராது.

அவர் நெடுநேரம் நீரைப் பார்த்தார். "நல்ல கேள்வி" என்றார். "2015ஆம் ஆண்டு அந்த நச்சுப்பாசி மறுபடி வந்தது. அப்போது மீன்களை வலையால் வாரி நல்ல நீருக்குக் கொண்டுபோனவர்களில் தூண்டிற்காரரும் இருந்தார்கள். பிடிக்கிறவர் இல்லாவிட்டால் இந்த நீரை யார் பார்ப்பார்கள்? இதுதான் என் பதில். போதுமா என்று எனக்கும் தெரியாது."

நமக்கும் தெரியாது. ஆனால் அப்பதிலின் நேர்மை பிடித்திருந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்கு மிதப்பு சரிந்தது. இம்முறை தடி தம்பியின் கையில். மீன் முன்னதைப் போலவே நாணலை நோக்கி ஓடியது. தம்பி தடியைப் பக்கவாட்டிற் சாய்த்து உறுதியாக நின்றான். தடி வளைந்தது, நூல் வீணைத் தந்திபோல முறுகி ஒலித்தது, அறவில்லை. மீன் மெல்லத் திரும்பியது. ஐந்து நிமிடங்களுக்குள் அது கரையோரம் வந்துவிட்டது. பையன் முழங்கால்வரை நீரில் இறங்கி, அத்தாங்கை அமிழ்த்திப் பிடித்து, ஒரே தூக்கில் ஏந்தினான்.

விரிப்பை நனைத்து அதன்மேற் கிடத்தினோம். முதியவர் சொல்லச் சொல்ல, தம்பி இடக்கை விரல்களைச் செவுள்மூடியின் ஓரமாக, செவுளைத் தொடாமல், செலுத்தித் தாடையைத் தூக்க, அந்தப் பெரிய வாய் தானே திறந்தது. தூண்டில்கள் இரண்டும் வாயோரத்தில் நின்றன. இடுக்கியை நீட்டி ஒரு திருகல், ஒன்று வந்தது. மறுதிருகல், மற்றதும் வந்தது. அரை நிமிடங்கூடச் செல்லவில்லை. பையையும் சேர்த்து நிறுத்து, பையின் நிறையைக் கழிக்க, 19 இறாத்தல் 4 அவுன்ஸ்.

பையன் குனிந்து அவ்வாயினுள்ளே உற்றுப் பார்த்தான். நாமும் பார்த்தோம். எதைத் தேடுகிறானென்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே வேறு கம்பியில்லை, வேறு தூண்டிலில்லை. அது முந்தின நாள் மீனன்று.

"நீயே விடு" என்றான் தம்பி. பையன் அதனை இரு கைகளாலும் ஏந்தி நீருள் இறக்கி, தலை நீரோட்டத்தை நோக்கியிருக்கப் பிடித்துக்கொண்டான். செவுள்கள் திறந்து மூடின. பொன்னிறக் கண் ஒன்று அசையாது மேலே நோக்கியது. பின்னர் வால் ஒருமுறை அடித்தது, நம்மெல்லோர் முகத்திலும் நீர் தெறித்தது, மீன் இல்லை.

"பெரியப்பா, அந்த மற்ற மீனும் உதறியிருக்கும், இல்லையா?" என்று பையன் கேட்டான்.

ஆம் என்று சொல்ல நாவெழுந்தது. ஆனால் அந்த முதியவர் பொய் சொல்லாமல் நின்ற இடத்தில் நாம் சொல்லலாமோ? "தெரியாது, மகன். உதறியிருக்க வேண்டுமென்று நானும் நினைக்கிறேன்" என்றோம். அவன் தலையசைத்தான். பிறகு, மூன்று நாட்களின்பின், தானாகவே வந்து நம் கையைப் பிடித்துக்கொண்டான். விரல்கள் பனிக்கட்டிபோல இருந்தன.

ஊர் திரும்பியபின், புதிய தவணையின் முதல் வாரத்தில், இழுவை பற்றிய பாடத்தைத் தொடங்கியபொழுது, கரும்பலகையில் வழக்கமான படத்தை வரையவில்லை. ஒரு தடியையும், நூலையும், கம்பியையும், அதன் முனையில் ஒரு மீனையும் வரைந்தோம். "இவற்றுள் எது முதலில் அறும்?" என்று கேட்டோம். மாணவர் பலர் சரியாகச் சொன்னார்கள். "அறுந்தால் நட்டம் யாருக்கு?" என்று அடுத்துக் கேட்டோம். வகுப்பு அமைதியாயிற்று. பின்வரிசையில் ஒரு மாணவன் தயங்கிக் கையை உயர்த்தினான். அவன் சொல்லப்போவது நம் கருத்துக்கு மாறாக இருந்தாலும், குறுக்கிடாது முழுவதையும் கேட்பதென்று எண்ணிக்கொண்டு, வெண்கட்டியைக் கீழே வைத்தோம்.